கலுங்கில் கல் அடுக்கும் கணக்கு: டெல்டாக் கொள்கைகளைப் புதுவயலிலிருந்து பார்த்தால்

செட்டிநாட்டுப் புதுவயலில் நெல் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது ஈரம். அடுத்தது கருக்காய். மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி இழுத்து, உள்ளங்கையில் விழும் ஒரு பிடி நெல்லை ஊதிப் பார்ப்போம். பறந்தது போக மிஞ்சியதற்குத்தான் விலை. மீமிசல், ஆவுடையார்கோயில் பக்கத்து நெல்லில் சில வருஷங்களில் பறப்பது அதிகமாக இருக்கும். பூக்கிற பருவத்தில் நல்ல தண்ணீர் வராமல் உவர் மேலே ஏறிவிட்டால் மணி முற்றாது. தோல் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதைக் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விலை சொல்ல வேண்டியிருப்பது இந்தத் தொழிலின் கஷ்டங்களில் ஒன்று.

நான் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறவன், நீரியல் படித்தவன் இல்லை. ஆனால் எந்தத் தொகையை எந்தப் பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு கடையின் நிலைமையைச் சொல்லிவிடலாம் என்று எங்கள் ஊரில் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இந்த ஆய்விலும் அதைத்தான் செய்கிறேன். ஆற்று டெல்டாக்களுக்காக நாடுகள் எழுதிய பருவநிலைத் தகவமைப்புக் கொள்கைகளை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வரியை மட்டும் தேடுகிறேன். கடலுக்குப் போகும் தண்ணீரையும் வண்டலையும் எங்கே எழுதியிருக்கிறார்கள்? வரவிலா, பற்றிலா, இல்லை ‘வீண்’ என்று ஓரத்திலா?

செட்டிநாட்டுக்கு இதில் என்ன வேலை

நியாயமான கேள்விதான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் வானம் பார்த்த பூமி. கண்மாயும் ஊருணியும் நிறைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனாலும் டெல்டாவோடு எங்களுக்கு மூன்று தலைமுறைக் கணக்குக்கு மேலேயே இருக்கிறது. பூம்புகாரைக் கடல் கொண்டபோது கிளம்பி வந்தவர்கள் நாங்கள் என்பது நகரத்தார் வீடுகளில் சொல்லும் கதை. சோழ ராஜாவோடு வந்த மனத்தாங்கல் என்று இன்னொரு கதையும் உண்டு. எது உண்மையோ, தெருவிலிருந்து பல படிகள் ஏறித்தான் முகப்புக்குள் நுழைய வேண்டும் என்று வீட்டை ஏன் இவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள் என்று கேட்டால், ‘அந்தப் பழைய வெள்ளத்தின் பயம்’ என்பார் என் அப்பத்தா. சொட்டு மழைக்கு ஏங்குகிற ஊரில் வெள்ளத்துக்குப் பயந்து மேடை கட்டியவர்கள் என்று நாங்கள் சிரிப்போம்.

அடுத்தது பர்மா. 1850களில் பத்து லட்சம் ஏக்கருக்குள் இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் பரப்பு, 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஐராவதி டெல்டாவின் காட்டையும் அலையாத்தியையும் வெட்டி வயலாக்கியவர்கள் பர்மிய விவசாயிகள். அதற்குப் பணம் பெருமளவு செட்டிநாட்டுக் கடைகளிலிருந்து போனது. 1930 வாக்கில் எங்கள் ஆட்கள் அங்கே போட்டிருந்த முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் இருந்த நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1937-இல் 25 சதவீதம். அதன் பிறகு போர், 1948-இன் நில தேசியமயச் சட்டம், 1960களில் வெளியேற்றம். மீதிக் கதை இங்கே எல்லா வளவிலும் கேட்கலாம்.

என் ஐயாவின் அப்பா ஐராவதி டெல்டாவின் பியாபோனில் ஒரு வட்டிக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவி ஆளாக இருந்தவர். அவர் எழுதிய பேரேடு ஒன்று வீட்டில் இருக்கிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆள் பெயர், ஏக்கர், முதல், வட்டி, அடமானப் பத்திரத்தின் தேதி எல்லாம் இருக்கும். அந்த ஏக்கர் பத்து வருஷத்துக்கு முன் அலையாத்திக் காடாக இருந்தது என்பதை எழுத அதில் ஒரு கலமும் இல்லை. 2008 மே 2, 3 தேதிகளில் நர்கிஸ் புயல் அந்த டெல்டாவுக்குள் கடலைத் தள்ளிக்கொண்டு வந்தபோது இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்த்து ஏறக்குறைய 1,38,000 பேர். பியாபோன் மாவட்டத்துப் போகலே அதில் மோசமாக அடிபட்ட ஊர். காடு நின்றிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேரேட்டைப் பார்க்கும்போது விடுபட்ட கலம் எது என்று தெரிகிறது. மியான்மர் 2012-இல் ஒரு தகவமைப்புச் செயல்திட்டம் எழுதியது, 2019-இல் பருவநிலைக் கொள்கையும் வெளியிட்டது. 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்தக் காகிதங்களைப் பற்றிப் பேச அதிகம் இல்லை.

மூன்றாவது கணக்கு இன்றையது. புதுவயல் ஆலைகளுக்கு நெல் வரும் வழிகளில் ஒன்று காவிரியின் கடைமடை.

740-இல் 14

எங்கள் பக்கத்துக் கண்மாய்க்கு மடையும் உண்டு, கலுங்கும் உண்டு. மடை வயலுக்கு. கலுங்கு, நிறைந்தபின் வழிவதற்கு. வழிந்த தண்ணீரை மறுகால் என்போம். அது அடுத்த கண்மாய்க்குப் போகும். மழை குறைந்த வருஷத்தில் மேல் கண்மாய்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கின் மேல் கல்லும் மண்மூட்டையும் அடுக்கி உயர்த்திவிடுவார்கள். காலையில் கீழ்க் கண்மாய்க்காரர்கள் கம்போடு வருவார்கள். செட்டிநாட்டு ஊர்ச் சண்டைகளில் பாதி இதுதான். அந்தச் சண்டையில் ஒரு நியாயம் இருக்கிறது: மறுகால் தண்ணீர் வீண் தண்ணீர் என்று மேல் கண்மாய்க்காரரே சொல்ல மாட்டார். எடுப்பது தப்பு என்று தெரிந்துதான் ராத்திரியில் எடுக்கிறார்.

காவிரிக் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். 2007-இல் நடுவர் மன்றம் மொத்த நீரை 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று வைத்துப் பங்கு போட்டது. சுற்றுச்சூழலுக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4. மற்றதெல்லாம் நான்கு பங்காளிகளுக்கு. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 419-லிருந்து 404.25 ஆக்கி, மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் வர வேண்டியதை 177.25 என்று முடித்தது. அந்தப் 14-ஐத் தொடவில்லை. ஒரு ஆற்றின் கழிமுகத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு, அதிலும் ஒரு பகுதி ‘தவிர்க்க முடியாமல்’.

அதே தீர்ப்பில் இன்னொரு வரி இருக்கிறது, கடைமடைக்காரர்கள் அதைத்தான் மறக்க மாட்டார்கள். தமிழகத்தின் காவிரிப் படுகைக்கு அடியில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10-ஐக் கணக்கில் சேர்க்கலாம் என்று தமிழகத்தின் பங்கிலிருந்து கழித்தார்கள். படுகையின் தலைப்பகுதியில் அது சரியாக இருக்கலாம். கடலோரத்தில் போர் போட்டு இறைத்தால், நல்ல நீர் போன இடத்துக்கு உப்பு நீர் வரும். ஐந்தொகையில் ஒரே 10 டி.எம்.சி.தான், எந்த ஊரில் இறைப்பது என்ற கலம் இல்லை.

அந்த ஒரே வருஷம், 2018

இந்த ஆய்வின் நடுமரம் 2018. இப்போதும் நெல் வாங்கும்போது ‘அந்த வருஷம்’ என்றால் அதுதான்.

கல்லணைக் கால்வாயைப் புதாறு என்பார்கள். மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து 1930களில் வெட்டி முடித்தது. தஞ்சாவூரைத் தாண்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக அறந்தாங்கிப் பக்கம் நாகுடிவரை வரும். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அதன் வால் செட்டிநாட்டின் விளிம்பைத் தொட்டுவிடும். காரைக்குடியிலிருந்து திருவாரூருக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இது கண்ணுக்கே தெரியும். கண்டனூர் புதுவயல் ஸ்டேஷனைத் தாண்டும்வரை செம்மண், கருவேலம், வறண்ட கண்மாய். அறந்தாங்கி தாண்டியபின் தென்னையும் வயலும். அதிராம்பட்டினம் வந்தால் உப்பளம். முத்துப்பேட்டையில் அலையாத்தியின் வாடை.

அந்த வருஷம் வழக்கமான ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கவில்லை, தண்ணீர் இல்லை. ஜூலையில் கர்நாடகத்தில் மழை கொட்டியது. ஜூலை 19-இல் திறந்தார்கள், சில நாளில் 120 அடி நிறைந்தது. ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டி வெளியேற்ற வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் 9 இடிந்து ஆற்றோடு போயின. டிவியில் கொள்ளிடம் கரை புரள்கிறது. அதே வாரம் நாகுடிப் பக்கத்து ஆள் ஒருவர் ஆலைக்கு வந்து, வயல் வெடிப்பில் விரல் போகிறது என்று விரலைக் காட்டினார்.

இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி? கொள்ளிடம் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறு, பாசன வாய்க்கால் இல்லை. வாய்க்கால்கள் அவற்றின் அளவுக்குத்தான் வாங்கும். தூர் வாராத வாய்க்கால் அதையும் வாங்காது. ஆற்றுமணல் அள்ளிப் படுகை தாழ்ந்த இடங்களில் தலைமதகு ஆற்றைவிட மேலே நின்றுவிடும். பருவநிலை மாற்றம் இதன் மேல்தான் வந்து உட்காருகிறது. மழை மொத்தமாகக் குறைந்துவிட்டது என்பதல்ல பிரச்சினை. வருகிற மழை பத்து நாளில் வந்துவிடுகிறது. அந்தப் பத்து நாள் தண்ணீர் கடலுக்குப் போவதைப் படம் பிடித்து எல்லாப் பத்திரிகையும் ‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்’ என்று தலைப்புப் போட்டது.

நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை உழுதுவிட்டு மேற்கே போனது. பேராவூரணி, பட்டுக்கோட்டையில் தென்னந்தோப்புகள் தரையில் படுத்தன. முப்பது வருஷத்துத் தென்னை ஒரு ராத்திரியில். எங்கள் ஆலையின் தகரக் கூரை பறந்து அடுத்த தெருவில் கிடந்தது, அவ்வளவுதான். முத்துப்பேட்டை அலையாத்தியும் அடி வாங்கியது. இந்தக் காட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாமணியாறு, கோரையாறு போன்ற ஆறுகள் கொண்டுவரும் நல்ல நீர் குறையக் குறைய, அங்கே உப்பைத் தாங்கும் ஒரு ஜாதி மரமே பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. ‘வீணாகப் போன’ தண்ணீர் செய்த வேலைகளில் ஒன்று இந்தக் காட்டை வளர்த்தது. இன்னொன்று, கழிமுகத்தில் உப்பை எதிர்த்துத் தள்ளி நின்றது. மூன்றாவது, வண்டலைக் கொண்டுபோய் அமுங்கும் நிலத்தின் மேல் போட்டது. இந்த மூன்றுக்கும் யாரும் கூலி கொடுத்ததில்லை என்பதால் கணக்கில் ஏறவில்லை.

மற்றவர்கள் எப்படி எழுதினார்கள்

வியட்நாம். 2016-இல் மீகாங் டெல்டாவுக்குள் உப்பு ஏறியது. அங்கே பதிவான மிக மோசமான வருஷங்களில் ஒன்று. மறு வருஷம், 2017 நவம்பர் 17-இல், அரசு 120-ஆம் எண் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு வரிசை மாற்றம். அதுவரை நெல், பழம், மீன் என்று இருந்த முன்னுரிமை, மீன், பழம், நெல் என்று திரும்பியது. உலகத்துக்கே அரிசி விற்கும் நாடு, தன் நெற்களஞ்சியத்தில் நெல்லை மூன்றாவது இடத்தில் வைத்தது. உப்பு நீரும் உவர் நீரும் வளம்தான் என்று எழுதியது. கோடையில் உப்பு ஏறும்போது இறால், மழையில் உப்புக் கழுவியபின் நெல். நம் பக்கத்தில் கேரளத்துப் பொக்காளி வயல் இதேதான், பல நூறு வருஷமாக.

இதைப் படித்தவுடன் நாமும் அப்படிச் செய்யலாமே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. நாகப்பட்டினம் கடலோரத்தில் ‘இறால்’ என்ற சொல்லுக்கு வேறு சரித்திரம். 1990களில் வந்த பண்ணைகளால் கிணறும் வயலும் உப்பாகி, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்குத் தடை போட்டது. பிறகு 2005-இல் தனிச் சட்டம் வந்து ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. வியட்நாமில் விவசாயி தன் வயலில் பருவம் பார்த்து உப்பை விடுகிறார். இங்கே பக்கத்துப் பண்ணைக்காரர் விட்ட உப்பு விவசாயி வயலுக்கு வந்தது. ஒரே இறால், இரண்டு கணக்கு.

வியட்நாமும் எழுதியபடியே நடக்கவில்லை. நெல் நிலத்தைக் குறைக்கக் கூடாது என்ற தேசிய இலக்கு ஒரு பக்கம் இருந்தது. 2022-இல் உப்பைத் தடுக்கப் பெரிய மதகு அமைப்பு ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். இயற்கையோடு ஒத்துப்போவோம் என்று எழுதியவர்கள் ஏன் கான்கிரீட்டுக்குப் போனார்கள் என்று அங்குள்ளவர்களே கேட்டார்கள். மேலே அணைகள் வண்டலைப் பிடிக்கின்றன, கீழே மணல் அள்ளுகிறார்கள், நிலத்தடி நீரை இறைத்துப் பல இடங்களில் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நிலம் அமுங்குகிறது. சைகோனிலும் எங்கள் ஆட்கள் கடை வைத்திருந்தார்கள், மீகாங் நெல்லுக்கும் செட்டிநாட்டுப் பணம் போயிருக்கிறது. அதனால் இந்த டெல்டாவைப் பற்றிப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சத்தோடுதான் படிப்பேன்.

வங்கதேசத்தின் பாடம் இன்னும் கூர்மையானது, ஏனென்றால் அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் பொறியாளர்கள் அல்ல. 1960களில் கடலோரம் முழுக்க வளையக் கரைகள் போட்டார்கள். உப்பு உள்ளே வரவில்லை, நெல் விளைந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் வண்டலும் உள்ளே வரவில்லை. அது ஆற்றிலேயே படிந்தது. இருபது, முப்பது வருஷத்தில் ஆறு மேடானது, வயல் பள்ளமானது, மழைத்தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் தென்மேற்கில் ஊர் ஊராகத் தேங்கி நின்றது. குல்னா பக்கத்தில் பீல் தகாதியா மக்கள் 1990-இல் கரையைத் தாங்களே வெட்டினார்கள். 1997-இல் பீல் பைனாவிலும் வெட்டினார்கள். கடல் ஏற்றத்தில் சேற்றுத் தண்ணீர் உள்ளே வந்து, வண்டலைப் போட்டுவிட்டு, இறக்கத்தில் வெளியே போனது. சில வருஷத்தில் வெட்டுவாய்க்குப் பக்கத்து நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது, ஆறும் ஆழமானது. அரசு முதலில் குற்றம் என்றது. பிறகு அதற்கே ஒரு பெயர் வைத்துத் திட்டமாக்கிக்கொண்டது. 2018 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற ‘டெல்டாத் திட்டம் 2100’ 2030-க்குள் 80 திட்டங்கள், 37 பில்லியன் டாலர் என்று பேசுகிறது. படிக்கப் பிரமாதம். ஆனால் கரையை வெட்டி வண்டல் ஏறும் அந்த மூன்று நான்கு வருஷம், நிலத்துக்காரர் என்ன சாப்பிடுவார்? இழப்பீடு நேரத்துக்கு வராததால் பல ஊர்களில் இந்த முறையே நின்றுபோனது. கலுங்கைத் திறக்கச் சொன்னால், திறந்ததால் நனைகிற வயலுக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.

அதை எழுதியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 1953 வெள்ளத்தில் 1,836 பேர் இறந்தபின் கடலை அடைத்துக் கட்டியவர்கள், 1995-இல் ரைன் பொங்கி இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தபின், கரையை உயர்த்துவதை விட்டு ஆற்றுக்கு இடம் விட முடிவு செய்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட இடங்கள், 2.3 பில்லியன் யூரோ. ஓவர்டீப் என்ற தாழ்நிலத்து விவசாயிகள் அரசின் யோசனைக்குக் காத்திருக்காமல், வெள்ளம் எங்கள் வயல் மேல் போகட்டும், எங்களுக்கு மேடு போட்டுக் கொடுங்கள், அதன் மேல் வீடும் தொழுவமும் கட்டிக்கொள்கிறோம் என்று தாங்களே திட்டம் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் பணம் வாங்கிக்கொண்டு வேறிடம் போனார்கள். இதைப் படித்தபோது எங்கள் வீட்டுப் படிகள் ஞாபகத்துக்கு வந்தன. 2012-லிருந்து அங்கே டெல்டாவுக்கென்று ஒரு சட்டம், ஒரு ஆணையர், தனி நிதி. வருஷா வருஷம் பட்ஜெட்டோடு டெல்டாத் திட்டமும் வரும். பணக்கார நாடு, சின்ன நாடு, அதெல்லாம் சரி. பெட்டிச் சாவி யாரிடம் என்பது தெரிகிறது, அதுதான் எனக்கு முக்கியம்.

நம் பெட்டிச் சாவி

இந்தியாவின் பருவநிலைச் செயல்திட்டம் 2008 ஜூன் 30-இல் வந்தது. எட்டு இயக்கங்கள். இமயமலைக்கு ஒன்று உண்டு. டெல்டாவுக்கோ கடலோரத்துக்கோ இல்லை. கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று இத்தனை கழிமுகம் வைத்திருக்கும் நாடு. தண்ணீருக்கு ஒரு இயக்கம் இருக்கிறது, வேளாண்மைக்கு ஒன்று இருக்கிறது, அவற்றுக்குள் டெல்டா அடங்கும் என்று சொல்லலாம். அப்படி அடங்கிய பொருள் எங்கே கிடைக்கும் என்பது கிட்டங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் காவிரி டெல்டாவுக்கு வந்தவை துண்டு துண்டானவை. ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடனில் வெண்ணாற்றுப் பகுதித் திட்டம், 2016-இல் ஒப்புதல்: அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு போன்றவற்றில் கரை, மதகு, தூர்வாரல். உருப்படியான வேலைதான். ஆனால் ஒரு திட்டம் முடியும், கொள்கை முடியாது. 2020-இல் மாநில அரசின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுக்க, கடலூரில் ஐந்து வட்டாரம், புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. எரிவாயுத் திட்டத்தை எதிர்த்த நெடுவாசல் போராட்டத்துக்குப் பின் இது வந்தபோது ஆலையில் மிட்டாய் கொடுத்தவர்கள் உண்டு. எண்ணெய், எரிவாயு, உருக்காலை, தோல் தொழிற்சாலை புதிதாக வராது. நல்லது. ஆனால் அந்தச் சட்டம் தடுக்கிற பட்டியலில் உப்பு இல்லை, மணல் இல்லை, அமுங்கும் நிலம் இல்லை. புதுக்கோட்டையின் எல்லைக்கல்லில் அது நிற்கிறது. உப்புக்கு எல்லைக்கல் தெரியாது.

கொள்கை எழுதுகிறவர்கள் ஆலையையும் மறந்துவிடுகிறார்கள். உவர் தாங்கும் நெல் நம்மிடம் இல்லாமல் இல்லை. களர்பாலை, குழியடிச்சான் என்று பழைய ரகங்கள் உண்டு; திருச்சி என்ற பெயரில் ஆராய்ச்சி நிலையத்து ரகங்களும் உண்டு. ஒரு பெரியவர் ஒரு முறை பதினைந்து மூட்டை குழியடிச்சான் கொண்டுவந்தார். எங்களால் வாங்க முடியவில்லை. சிவப்பு நெல்லுக்குத் தனியாக அவியல், தனியாக அரவை. பதினைந்து மூட்டைக்காக டிரையரைக் கழுவ முடியாது. கடையில் கேட்பது வெள்ளை, சன்னம். அந்தப் பெரியவர் அடுத்த வருஷம் பொன்னி போட்டார், கருக்காயோடு கொண்டுவந்தார். விதையைக் கொடுக்கிற திட்டம் அரவைக்கும் விலைக்கும் வழி சொல்லாவிட்டால், விதை மூட்டையோடு திட்டம் முடிந்தது.

இப்போது கல் எங்கள் கையில்

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி எங்களை. 2021 பிப்ரவரி 21-இல் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் காவிரி, தெற்கு வெள்ளாறு, வைகை, குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாயனூர்க் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. வெள்ளக் காலத்தில் வினாடிக்கு 6,300 கன அடியைத் திருப்பி, திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர்க் கண்மாய்களை நிரப்புவது. செட்டிநாட்டுக் கண்மாயும் அந்தக் கணக்கில் வரும். இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஊருணியின் அடிப்படிக்கட்டு தெரிந்த கோடைகளில் வளர்ந்தவன் நான். தண்ணீர் லாரிக்கு வரிசையில் குடம் வைத்த அப்பத்தாவின் பேரன்.

2018 போன்ற வெள்ளத்துக்கு முன்னால் 6,300 கன அடி பெரிய தொகை இல்லை என்பதும் உண்மை. அன்று ஓடிய 2 லட்சத்தில் மூன்று சதவீதம் சொச்சம். அதனால் திட்டத்தையே எதிர்க்கிறவர்களோடு நான் சேரவில்லை. என் தகராறு அதன் விளக்கத்தில் இருக்கிற ஒரு சொல்லோடு மட்டும்: ‘உபரி’. பெருவெள்ளத்தில் எடுப்பது வேறு, சுமாரான வருஷத்தில் கொள்ளிடத்தில் கொஞ்சம் ஓடும்போது அதையும் உபரி என்று எடுப்பது வேறு. கால்வாய் வெட்டியபின், காய்ந்த கண்மாய்க்காரர்கள் மதகடியில் நிற்கும்போது, எந்த அதிகாரியாலும் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற முடியாது. எழுதி வைத்திருந்தால்தான் முடியும். மேலணையில் இவ்வளவு ஓடினால்தான் மாயனூரில் திறக்கலாம். கொள்ளிடக் கழிமுகத்துக்கு மாதத்துக்கு இவ்வளவு போயே ஆக வேண்டும். அந்த அளவு சுற்றுச்சூழலின் 10-லிருந்து அல்ல, எங்கள் பங்கிலிருந்து. கொள்ளிடத்தில் ஆதனூர், குமாரமங்கலம் கதவணை உப்பைத் தடுக்கவும் நீரைத் தேக்கவும் கட்டியது. கதவணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு உப்பைத் தடுப்பது ஓடுகிற தண்ணீர்தான். கண்மாயில் கலுங்கின் உயரத்தைக் கல்லில் வெட்டி வைப்பார்கள். யார் அடுக்கினாலும் மறுநாள் தெரிந்துவிடும். காவிரிக்கும் அப்படி ஒரு கல் வேண்டும், மத்தியில் ஒரு டெல்டாச் சட்டத்தில். 740-இன் அடிக்குறிப்பில் அது கிடைக்காது.

போன தை மாதம் நாகுடிக்காரர், அதே விரலைக் காட்டியவர், சம்பா நெல்லோடு வந்தார். கருக்காய் பரவாயில்லை. எடை போட்டு முடித்து டீ குடிக்கும்போது கால்வாய் பேச்சு வந்தது. எங்கள் ஊருக்குத் தண்ணீர் வருவதில் அவருக்கு வருத்தமா என்று கேட்டேன்.

“வரட்டும்ண்ணே, நல்லாத்தான் இருக்கும்” என்றார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “ஆனா உங்க கண்மாய் நெறஞ்சு நீங்களே வெள்ளாமை வச்சுட்டீங்கன்னா, என் நெல்ல வாங்குறதுக்கு ஆலை இருக்குமா?” என்று கேட்டார். பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பையன் சிரித்துவிட்டான். நான் ரசீதில் எடையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.